சிறப்பு விருந்தினருக்கு அடுத்த நிகழ்ச்சி

பிரிக்பீல்ட்ஸ் ஞானோதய விளையாட்டுக் கழகத்தின் சாஃப்ட்பால் என்னும் மென்பந்துப் பிரிவில் பதினோரு பொறுப்பாளர்களும் நான்கு ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். இதை ஒரு குறையென்று அங்கே யாரும் நினைத்ததில்லை. ஆட்டக்காரர்கள் வருவார்கள், வளர்வார்கள், போய்விடுவார்கள். பொறுப்பாளர்கள் அப்படியல்ல, வந்தால் போவதில்லை. ஒரு மென்பந்து அணிக்கு ஒன்பது பேர் வேண்டும் என்பதால் கழகம் இரண்டு ஆண்டுகளாக எந்தப் போட்டியிலும் இறங்கவில்லை. ஆகவே எந்தப் போட்டியிலும் தோற்கவும் இல்லை. ஆண்டறிக்கையில் இரண்டாவது வாக்கியம் மட்டும் இருந்தது.

அந்த நான்கு பேரில் ஒருத்தி சுரேகா. பதினான்கு வயது, இடது கைக்காரி. கையை இடுப்புக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றி அவள் பந்தை விட்டால் அது போகும் வழி கண்ணுக்குத் தெரியாது, போய்ச் சேர்ந்த சத்தம்தான் கேட்கும். அந்தச் சத்தத்தை அதிகம் கேட்டது அவர்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்துச் சுவர்தான். எதிரே மட்டையோடு நிற்க ஆளில்லாததால் சுவரோடு ஆடி ஆடி அவளுக்கே அலுத்துப்போயிருந்தது.

அவள் அம்மா ராஜினிக்கு மருந்துக்கடையில் வேலை. அப்பா கேதீஸ்வரன் கடல் தாண்டி மீரியில் எண்ணெய்க் கம்பெனியில் இருந்தார், பெருநாள் விடுமுறைக்குத்தான் வருவார். ராஜினி மென்பந்து விதிகளை முழுசாகக் கற்றவளல்ல. பிள்ளைக்கு எதில் முகம் மலர்கிறது என்று மட்டும் தெரிந்தவள்.

ஒரு சனிக்கிழமை கிள்ளானிலிருந்து போன் வந்தது. அங்கே 'மின்னல்' என்ற பெண்பிள்ளைகள் அணிக்குப் பயிற்சி கொடுக்கும் ஹாஜிரா பேசினாள். பள்ளிக்கூடப் பயிற்சி முகாமில் சுரேகா பந்து வீசியதைப் பார்த்து வாய் பிளந்தவள்.

"அக்கா, பந்து போடுற என் பிட்சர் புள்ள மோட்டார்சைக்கிள்லேருந்து விழுந்து கைய ஒடிச்சிக்கிச்சுக்கா. இப்ப எட்டுப் பேருதான் இருக்கோம். சுரேகாவ கெஸ்ட்டா அனுப்புங்கக்கா, இந்த ஒரு டோர்னமெண்டுக்கு மட்டும். இல்லாட்டி ஆடாமலே தோத்த கணக்கு, வாக்ஓவர்தான் லா."

"அவ எங்க கிளப்புல இருக்காளே."

"கிளப்புலேருந்து ஒரு வரி எழுதி வாங்குனா போதும்கா. அப்புறம் இன்னொண்ணு. நேஷனல் கேம்புக்கு ஆள் எடுக்கிற மலாய் மேடம், அந்தப் புவான், இந்தத் தடவ நேர்ல வராங்க. நம்ம புள்ள வயசுக்கு இதுதான் கடைசிச் சான்ஸ்."

கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த சுரேகா உள்ளே போனாள். தன் கிளவுஸுக்கு எண்ணெய் தடவ ஆரம்பித்தாள். ராஜினி அதைப் பார்த்தாள். ஒரு வரிதானே, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தாள். பாவம், அவள் அதுவரை எந்தக் கழகத்திடமும் எதையும் கேட்டதில்லை.

கழகத் தலைவர் தம்புவுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டாள். தம்பு அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கேள்விக்கும் நேராக 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லாமலே பென்ஷன் வரைக்கும் வந்து சேர்ந்தவர். உடனே பதில் வந்தது. முதலில் ஒரு தாமரைப்பூ, அதன்கீழ் கூப்பிய கைகள், அதன்கீழ் 'ப்ராப்பர் சேனல் வழியாக வரவும்.'

ப்ராப்பர் சேனல் என்பது அடுத்த புதன்கிழமை கூடிய செயற்குழு.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் கழகத்தின் அறை. கடவுள் வாழ்த்து ஆனது. மறைந்த ஆயுட்கால உறுப்பினர் ஒருவருக்காக எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் மறைந்தது போன வருஷம். ஆனாலும் ஒவ்வொரு கூட்டத்திலும் நிற்பது வழக்கமாகிவிட்டது, நிறுத்தலாம் என்று யார் முன்மொழிவது? அதன்பின் செயலாளர் குகன் கேள்வியை வாசித்தார். செல்வி சுரேகா கெஸ்ட் ப்ளேயராகக் கிள்ளான் அணிக்கு ஆடலாமா?

"முதல்ல ஒண்ணு," என்றார் தம்பு. "நம்ம கழகத்துத் தீர்மானம் எல்லாம் தூய தமிழ்லதான் இருக்கணும். கெஸ்ட் ப்ளேயர்னு தீர்மானம் போட முடியாது. அதுக்குத் தமிழ் என்ன?"

அறையில் ஒரு புத்துணர்ச்சி பரவியது. ஆடலாமா கூடாதா என்பது சங்கடமான கேள்வி, அதற்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும். தமிழ் என்ன என்பது அப்படியல்ல, நாள் முழுக்கப் பேசலாம்.

"இரவல் ஆட்டக்காரி," என்றார் ஒருவர்.

ஒழுங்கு உபகுழுத் தலைவி கனகேஸ்வரி அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ மண்டகப்படி என்று அர்த்தம். "இரவலா? எங்கட பிள்ளை என்ன, பக்கத்து வீட்டில வாங்கிற அம்மிக்குழவியா?"

ராஜினிக்குப் பொறுமை போய்விட்டது. மருந்துக்கடையில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். "இதுக்கு ஏன் அங்கிள் இவ்வளவு யோசிக்கிறீங்க? அவ சும்மா தும்பாங் ஆடிட்டு வந்துருவா."

குகனின் பேனா நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏறிக்கொண்டால் தும்பாங். மழைக்கு அடுத்தவர் கூரையில் ஒதுங்கினால் தும்பாங். ஒருவர் பிடிக்கும் குடைக்குள் இன்னொருவர் தலையை நுழைத்தால் அதுவும் தும்பாங். இந்த நாட்டில் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று யாருக்கும் அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ தம்புவுக்கு முகம் சிவந்தது.

"ராஜினி, நான் சர்வீஸ்ல இருந்த காலத்துலேருந்து இன்னிக்கு வரைக்கும் எவன் கார்லயும் தும்பாங் போனதில்ல. நம்ம கழகத்துக் கொடியும் போகாது. அந்த வார்த்தைய மினிட்ஸ்லேருந்து எடுத்துடுங்க குகன்."

குகன் எடுத்துவிட்டார். கடைசியில் மூன்றாவது தேநீருக்குப் பிறகு 'விருந்தினர்' என்ற சொல் கண்டுபிடிக்கப்பட்டது. கைதட்டல். சொல் கிடைத்ததே, இனி அனுமதியும் கிடைத்துவிடும் என்று ராஜினி கைப்பையை எடுத்தாள். கனகேஸ்வரி கையமர்த்தினார்.

"விருந்தினர் எண்டால் அழைக்க வேணுமே. அழையாத வீட்டுக்கு எங்கட பிள்ளை எப்படிப் போறது? முறைப்படி அவையள் வந்து கூப்பிடட்டும்."

அப்படியாக, ஹாஜிரா அடுத்த புதன்கிழமை பெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து, தாம்பாளத்தில் ஆப்பிளும் ஆரஞ்சும் வெற்றிலை பாக்குமாக மாடிப்படி ஏறினாள். பயிற்சி முடிந்து நேராக வந்ததால் டிராக் சூட்டில் மண் ஒட்டியிருந்தது. செயற்குழு எதிர்வரிசையில் உட்கார்ந்து அவளை ஏற இறங்கப் பார்த்தது. ராஜினிக்குத் தன்னைப் பெண் பார்க்க வந்த நாள் ஞாபகம் வந்தது, இந்தத் தடவை பலகாரம் மட்டும் இல்லை.

"உங்க அணியில பிள்ளைங்க எல்லாம் எப்படி?" என்றார் தம்பு.

"நல்லா கேட்ச் பிடிப்பாங்க அங்கிள்."

"அதில்ல. தகப்பன்மார் என்ன உத்தியோகம்?"

ஹாஜிரா ராஜினியைப் பார்த்தாள். ராஜினி தரையைப் பார்த்தாள். "ஒருத்தரு லோரி ஓட்டுறாரு, ஒருத்தரு துறைமுகத்துல வேல. மத்தவங்கள நான் கேட்டதில்ல அங்கிள். பந்துதான் போடச் சொல்லுவேன்."

செயற்குழு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. கனகேஸ்வரி எழுந்தார். விளையாட்டைப் பற்றி அவர் ஆற்றிய உரையை முழுதும் தர இங்கே இடமில்லை, சாரம் இது: "நான் இந்த விளையாட்டுக்காக வாழ்க்கையையே குடுத்தனான். இண்டைக்கு வரைக்கும் ஒரு மைதானத்தில கால் வைக்கேல்லை. ஏன் தெரியுமோ? ஆட்டத்தைப் பார்த்தால் யாராவது நல்லா ஆடுறது கண்ணில படும். பிறகு ஒரு பக்கம் மனம் சாஞ்சிடும். நடுநிலை முக்கியம் பிள்ளை."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஹாஜிராவும் ஆட்டினாள், கிள்ளானுக்குத் திரும்ப இன்னும் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டுமே.

எல்லாம் முடிந்ததென்று நினைத்தபோது துணைத்தலைவர் ஒருவர் வாயைத் திறந்தார். விருந்தினரில் பல படி உண்டல்லவா? வெறும் விருந்தினர், கௌரவ விருந்தினர், சிறப்பு விருந்தினர். போன தீபாவளிக்கு ஸ்ரீ கெம்பாங்கான் சங்கத்துக்காரர்கள் தம்புவை வெறும் விருந்தினராக அழைத்து மூன்றாவது வரிசையில் உட்காரவைத்ததை மறக்க முடியுமா? தம்பு மறக்கவில்லை. அவர் கண் லேசாகக் கலங்கியது. கழகத்தின் மானம் இன்னொரு தடவை மூன்றாவது வரிசையில் உட்காரக் கூடாது. செல்வி சுரேகா போவதானால் சிறப்பு விருந்தினராகத்தான் போவாள் என்று ஏகமனதாக நிறைவேறியது.

"எந்த விருந்தினரா வேணா வரட்டும் அங்கிள்," என்றாள் ஹாஜிரா. "அந்த ஒரு வரிய எழுதி, கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க."

தம்பு கையெழுத்துப் போட்டார். படியிறங்கும்போது அவளும் ராஜினியும் சிரித்துக்கொண்டார்கள். பிள்ளையார் பிடிக்கப் போனால் என்ன ஆகும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஆனால் அந்த நேரம் அது இருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

போட்டியன்று காலை கிள்ளான் மைதானத்தில் காரை நிறுத்தியதும் சுரேகாதான் முதலில் பார்த்தாள். "அம்மா, அங்க பாருங்க."

வாசலில் ஒரு பதாகை. அதில் அவளுடைய பள்ளி அடையாள அட்டைப் படம், ஆள் உயரத்துக்கு. 'சிறப்பு விருந்தினர் செல்வி சுரேகா கேதீஸ்வரன் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்.' போட்டியை நடத்துவது கிள்ளான் வட்டார இளையோர் மென்பந்துப் பேரவை. அதுவும் ஞானோதயத்துக்கு ஒன்றுவிட்ட தம்பிதான்; ஹாஜிரா கொண்டுபோய்க் கொடுத்த கடிதத்தில் என்ன எழுதியிருந்ததோ அதை அட்சரம் பிசகாமல் செய்துவிட்டது.

கார்க் கதவைத் திறந்ததும் நாதஸ்வரம் முழங்கியது. ஒருவர் ஜெர்சி மேல் மாலையைப் போட்டார். இன்னொருவர் மாலைமேல் பொன்னாடையைப் போர்த்தினார். தொப்பியைக் கழற்றச் சொல்லிச் சந்தனம் வைத்தார்கள். சுரேகா கிளவுஸை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்படியே அவளை மேடைக்கு அழைத்துப்போய், நடுவில் இருந்த பெரிய நாற்காலியில் தம்புவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். கால் தரைக்கு எட்டவில்லை. ஞானோதயச் செயற்குழு முழுவதும் வாடகை வேனில் வந்து முதல் வரிசையை நிறைத்திருந்தது. கனகேஸ்வரி அம்மையார் மட்டும் மைதானம் கண்ணில் படாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஹாஜிரா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அக்கா, ஒன்பது மணிக்கு எங்க மேட்ச். லிஸ்ட்ல அவ பேர் இருக்கு, அம்பயருக்குப் பிரச்சன இல்ல. ஆனா கிரவுண்டுல ஒன்பது பேர் நிக்கணும். நிக்கலன்னா பத்து நிமிஷம் பார்ப்பாங்க, அப்புறம் வாக்ஓவர். எறக்கி விடச் சொல்லுங்கக்கா!"

மேடை நிகழ்ச்சியைப் பேரவை விருந்தினரின் கழகத்திடமே விட்டிருந்தது; ராஜினி மேடையோரம் மைக் பிடித்து நின்ற குகனிடம் போனாள். குகன் பதறிவிட்டார்.

"சிறப்புரை ஆத்தாம சிறப்பு விருந்தினர் எப்படி எறங்குறது? நிகழ்ச்சி நிரல் இருக்குல்ல? இப்ப தலைமையுரை. அப்புறம் நாலு வாழ்த்துரை. அப்புறம்தான் சிறப்புரை."

தலைமையுரை ஆற்றியவர் தம்பு. அவர் மென்பந்தின் வரலாற்றைத் தன் பிறப்பிலிருந்து தொடங்கியிருந்தார். "இந்தப் பிள்ளை இன்னிக்கு இந்த மேடையில உக்காந்திருக்குன்னா அதுக்கு யார் காரணம்? நாங்க. இவள ஆட விடலாமான்னு மூணு வாரம் தூங்காம யோசிச்சவங்க நாங்க. பந்து போடுறது ஒரு நிமிஷ வேல. யோசிக்கிறது அப்படியா?"

பலத்த கைதட்டல். மைதானத்தில் எட்டுப் பெண்பிள்ளைகள் தத்தம் இடத்தில் நின்றார்கள். நடுவில் பந்து வீசும் வட்டம் காலியாகக் கிடந்தது. அம்பயர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஹாஜிராவிடம் ஏதோ சொன்னார். வேலியோரம் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு மலாய் அம்மையார் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் தேசிய முகாமுக்கு ஆள் எடுப்பவர். அவரும் கடிகாரத்தைப் பார்த்தார்.

மேடையில் சுரேகா அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தக் காலி வட்டத்தையே பார்த்தாள். மாலையிலிருந்து இதழ்கள் கிளவுஸுக்குள் உதிர்ந்துகொண்டிருந்தன. ராஜினி மேடைப் படியில் ஒரு கால் வைத்தாள். மேடையில் ஏறிப் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம்தான். ஆனால் இவர்கள் அதற்கும் ஒரு உபகுழு போட்டு, பிள்ளையைக் கழகத்தைவிட்டே நீக்கி வைப்பார்கள்.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. எத்தனையோ கழக விழாக்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பசியோடு காத்திருந்திருக்கிறாள். எந்த விழாவிலாவது ஒரு சிறப்பு விருந்தினர் நன்றியுரை வரைக்கும் இருந்து பார்த்ததுண்டா? தாமதமாக வருவார்கள், பேசுவார்கள், போய்விடுவார்கள். ஏன் போகிறார்கள் என்பதற்கும் ஒரே காரணம்தான் சொல்லப்படும்.

அவள் குரலைத் தாழ்த்தி, மரியாதையோடு சொன்னாள். "குகன், சிறப்பு விருந்தினருக்கு அடுத்த ப்ரோக்ராம் இருக்கு."

குகன் விறைப்பாக நிமிர்ந்தார். ஆண்டுக்கணக்காகப் பழகிய உடம்பு, மூளையைக் கேட்காமலே வேலை செய்தது. "அடடா, முன்னாடியே சொல்லக்கூடாதா? எத்தன மணிக்கு?"

"ஒன்பது மணிக்கு. இப்பவே லேட்டு."

துண்டுச் சீட்டு தம்புவின் கைக்குப் போனது. தம்பு அதைப் படித்த அதே மூச்சில் உரையை முடித்தார். சிறப்பு விருந்தினரைத் தாமதப்படுத்தியவர் என்ற பழி அவருக்கு வேண்டாம். குகன் மைக்கில் கணீரென்று அறிவித்தார். "சிறப்பு விருந்தினர் அவர்களுக்கு அடுத்து வேறொரு முக்கிய நிகழ்ச்சி இருப்பதால், நிகழ்ச்சி நிரலில் சிறு மாற்றம். இப்பொழுது சிறப்புரை!"

சுரேகா நாற்காலியிலிருந்து குதித்தாள். மைக் அவள் உயரத்துக்கு இறக்கப்பட்டது. "எல்லாருக்கும் வணக்கம். எனக்கு அடுத்த ப்ரோக்ராம் இருக்கு. நன்றி."

இத்தனை சுருக்கமான சிறப்புரையை அந்தச் சபை கேட்டதே இல்லை. எழுந்து நின்று தட்டினார்கள். சிறப்பு விருந்தினர் புறப்பட்டால் வழியனுப்புவதுதானே மரபு? நாதஸ்வரக்காரர் முன்னால் நடந்தார், பொறுப்பாளர்கள் இருபுறமும் நடந்தார்கள், ஊர்வலம் காரை நோக்கித் திரும்ப வேண்டிய இடத்தில் சுரேகா திரும்பவில்லை. நேரே போனாள். ஊர்வலமும் பின்னாலேயே போனது. பந்து வீசும் வட்டத்துக்குள் அவளை மேளதாளத்தோடு கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் அவர்களுக்கு எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது. அம்பயர் ஊதிய விசிலில் கனகேஸ்வரி அம்மையார் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மைதானத்தில் அவர் கால் வைத்தது அதுவே முதல் தடவை.

மாலையும் பொன்னாடையும் ஹாஜிராவின் கைக்கு வந்தன. முதல் பந்து பிடிப்பவளின் கிளவுஸில் போய் அறைந்தது. சுவரில் பட்டால் வரும் சத்தமில்லை இது. ராஜினிக்குக் கண்ணீர் பொங்கியது, அடக்கவும் இல்லை.

சிறப்பு விருந்தினர் போய்விட்டால் அடுத்தது சாப்பாடு என்பதும் மரபுதான். செயற்குழு வேனில் ஏறி லிட்டில் இந்தியா பக்கம் வாழையிலையைத் தேடிப் போனது. யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்று எண்ணிப் பார்க்கும் பொறுப்பு எந்த உபகுழுவுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

மின்னல் அணி அந்த ஆட்டத்தில் ஓர் ஓட்டத்தில் தோற்றது. ஆனால் ஆட்டம் முடிந்ததும் வெள்ளைத் தொப்பி அம்மையார் நேராகச் சுரேகாவிடம் வந்தார். முகாமுக்கு வரச் சொல்லிவிட்டு, எந்த அணி நீ என்று மலாயில் கேட்டார்.

சுரேகா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அன்று அம்மா கூட்டத்தில் சொன்னதையே மலாயில் சொன்னாள். "சாயா தும்பாங் மாயின் சஜா, புவான்."

அம்மையார் வாய்விட்டுச் சிரித்து அவள் முதுகில் தட்டினார். அவருக்கு அகராதி தேவைப்படவில்லை.

பைகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ராஜினியின் பின்னால் ஒரு இருமல் கேட்டது. தம்பு நின்றார். தலைமுடி கலைந்து, சட்டையெல்லாம் வியர்வை. வேன் போய் வெகு நேரமாகிவிட்டது. அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பந்து வரைக்கும் நின்றதை ராஜினியும் பார்த்திருந்தாள். நடுவில் ஒருதடவை கத்தக்கூடச் செய்தார்.

"நல்லாத்தான் போடுறா," என்றார். வாழ்நாளில் அவர் நேராகச் சொன்ன முதல் வாக்கியமாக இருக்கலாம். பிறகு காரைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். "நீங்க பிரிக்பீல்ட்ஸ் பக்கம்தானே, ராஜினி... போன்ல பேட்டரி இல்ல, கிராப் டாக்ஸி கூப்பிட முடியல. அதான்... நானும் உங்களோட... இத எப்படிச் சொல்றது..."

ராஜினிக்குச் சொல் நாக்கு நுனியில் நின்றது. கொடுக்கவில்லை. மூன்று வாரம் காத்திருந்தவள், இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள்.

தம்பு சுற்றுமுற்றும் பார்த்தார். "தும்பாங்," என்றார், மினிட்ஸில் ஏறிவிடாதபடி அவ்வளவு மெதுவாக.

சுரேகா பின்சீட்டில் கிடந்த மாலையைத் தள்ளி வைத்து அவருக்கு இடம் விட்டாள்.